புல எண் 318: ஒரு பிழை

மூலனூருக்குத் தெற்கே, இட்டேரி முடிகிற இடத்தில்
பதினோரு ஏக்கர் கொறங்காடு.
சுற்றிலும் கிளுவை. உள்ளே ஏழு வெள்வேலாமரம்.
மிச்சமெல்லாம் காய்ந்து
சடைபிடித்துப் போன கொழுக்கட்டைப்புல்.
கணக்கில் அதற்குப் பெயர் தரிசு.

நான் அளக்கப் போனது பங்குனி பன்னிரண்டு.
மூன்று நாள் முன்னே ஒரு மழை பெய்திருந்தது,
செருப்புக்கு மேலே நனைக்காத மழை.
சென்னியப்பனுக்கும் அவர் அக்கா துளசிமணிக்கும் பாகம்;
மேற்கு அவருக்கு, கிழக்கு அக்காவுக்கு.
ஆளுக்கொரு மரநிழலில் நின்றார்கள்.
நடுவில் செம்மறிகள்
யார் பங்கு என்று கேளாமல் மேய்ந்தன.

சங்கிலியின் அந்தத் தலையைப் பிடித்திருந்த மயில்சாமி
மூக்கைப் பொத்தினான்.
'எலி செத்துக் கெடக்குதுங் மேடம்.'

எலி இல்லை.
கல் இறங்கவேண்டிய இடத்தில், சரியாக அங்கே,
விரலுயரத் தண்டு.
அதன் கக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பூ,
கறுத்த ரத்தத்தின் நிறம்.
ஐந்து இதழும் நுனியில் கூடி ஒட்டிக்கொண்டு
சின்னக் கூண்டாகியிருந்தது.
உள்ளே ஓர் ஈ சுற்றிச் சுற்றி வந்தது,
பந்தியில் இலை கிடைக்காதவனைப்போல.

துளசிமணி நிழலைவிட்டு வந்து குனிந்தார்.
'அட, இதுங்களா.
மழை பேஞ்சா ரண்டு நாளைக்கு இருக்கும்.
பேரு ஆருங் வெச்சாங்க.
நாலு வருசமாக் காணோம்.'
நாற்பது வருசம் அதே காட்டில் நடந்த சென்னியப்பன்
'இது எப்ப வந்துது?' என்றார்.

மயில்சாமி கடப்பாரையை ஓங்கியிருந்தான்.
'சித்தெ இரு.'
சங்கிலியைச் சுண்டினேன், மறுபடி வாசித்தேன்,
வாயால் வேறு எண் சொன்னேன்.
கல் கிழக்கே அரையடி தள்ளி இறங்கியது.
பதினாறு வருச வேலையில் நான் எழுதிய முதல் பொய்யெண்.
பென்சிலில்கூட இல்லை, மையில்.

அரையடி பெரிதில்லை.
ஆனால் அந்தக் கல்லிலிருந்து அறுநூறு அடிக்குக் கோடு போகிறது.
பெருக்கிப் பார்த்தால் ஓர் அறை வரும்:
கட்டில் போடலாம், ஒரு ஜன்னல் வைக்கலாம்.
அந்த அறையை
பூவைத் தெரிந்த ஒருத்தியிடமிருந்துதான் எடுத்தேன்.

அடுத்த மாசியில் மறு அளவை மனு வந்தது.
துளசிமணி கால்வைத்து அளந்தாராம்.
வேறு ஆள் இல்லை என்று என்னையே அனுப்பினார்கள்.
அந்த வருசம் மழை இல்லை.
கல்லருகே மண், பக்கத்திலும் மண்.
பூ இருந்திருந்தால் அதைக் காட்டி
உண்மையைச் சொல்லியிருப்பேனா, தெரியாது.
'அரையடி வித்தியாசம் வருதுங்க' என்றேன்,
எவரோ செய்ததைப்போல.

கல்லைப் பிடுங்கினோம்.
சரியான இடத்தில் குழி தோண்டும்போது
கடப்பாரை நுனியில் ஏறி வந்தது ஒரு கிழங்கு,
எலுமிச்சை அளவு,
கீறிய இடத்தில் ஈரம் கசிந்தது.
நான் பார்க்காத பக்கம் பார்த்தேன்.

துளசிமணி அதை எடுத்து முந்தானையில் துடைத்தார்.
ஒரு கடி கடித்துவிட்டு
மீதியை என்னிடம் நீட்டினார்.
'தின்னு பாருங். ஆடு மேய்க்கையில
இதுக்குத்தேன் அடிச்சுக்குவோம்.'

தின்றேன்.
முதலில் பச்சைத் தேங்காய். அப்புறம் மண்.

புலப்படத்தில் இப்போது கோடு சரியாக ஓடுகிறது.
பழைய கோடு மை என்பதால்
பிளேடால் சுரண்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது.
ஜன்னலில் தூக்கிப் பிடித்தால்
தாள் அங்கே மட்டும் மெலிந்திருக்கும்,
கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வரும்.